புது மாப்பிள்ளையும் ஒன்பதாம் தரமும்

சூடான கச்சான் காற்று வீசிய நாட்கள் அவை. வகுப்பறையின் ஜன்னலைத் திறந்தால் மணல் வரும், மூடினால் வேக்காடு. பாதி திறந்து, பாதி மூடி, அதற்கு முட்டுக்கொடுக்க ஒரு செங்கல் துண்டு வைத்திருந்தேன். இரண்டாம் தவணைக் கணித விடைத்தாள்களை ஒன்பதாம் தரத்தில் கொடுத்துக்கொண்டிருந்தேன்.

சிபானாவின் பெயரைக் கூப்பிட்டேன். எழுந்து வந்து இரண்டு கைகளாலும் தாளை வாங்கினாள். புள்ளியைப் பார்க்கவில்லை. அங்கேயே நின்று தாளை நான்காக மடித்தாள், மடிப்பை நகத்தால் அழுத்தினாள், பிறகு தன் இடத்துக்குப் போய் உட்கார்ந்தாள்.

முதலாம் தவணையில் வகுப்பில் முதலாவதாக வந்த பிள்ளை. இப்போது சித்தியடையும் புள்ளிகூட இல்லை.

ஆனால் அன்று என் மனதில் நின்றது புள்ளி அல்ல. தாளை வாங்க அவள் குனிந்தபோது வெள்ளைப் பர்தாவிலிருந்து வந்த மணம். விறகுப் புகையும் பொரித்த மீனும். அதுவரை அந்தப் பிள்ளை பக்கத்தில் வந்தால் துணி தோய்க்கும் நீலச் சவர்க்காரம்தான் மணக்கும்.

எங்கள் பாடசாலை ஒன்பதாம் தரத்தோடு முடிந்துவிடுகிறது. அதன்பிறகு கல்முனையிலுள்ள பெரிய பாடசாலையில் இடம் கிடைக்க வேண்டும். அங்கே ஒன்பதாம் தரத்தின் கடைசித் தவணைப் புள்ளியைப் பார்த்துத்தான் எடுப்பார்கள். கிடைக்காவிட்டால் இன்னும் தூரத்துப் பாடசாலை. அவ்வளவு தூரம் பெண் பிள்ளையைத் தினமும் பஸ்ஸில் அனுப்ப எங்கள் ஆட்களுக்கு மனம் வராது. வீட்டில் நிறுத்தித் தையல் பழக விட்டுவிடுவார்கள்.

சிபானாவுக்குத் தையலில் வெறுப்பு ஒன்றுமில்லை. ஆனால் அவள் ஆஸ்பத்திரியில் மருந்து அளந்து கொடுக்கும் மிஸ்ஸாக வர வேண்டும் என்று ஆறாம் தரத்திலிருந்தே சொல்லிக்கொண்டிருந்தவள். கையில் இருந்தது இன்னும் ஒரே ஒரு தவணை.

கடற்கரைப் பிள்ளைகள் எண்டு எழுதுங்க

அந்த வாரம்தான் வலயக் கல்வி அலுவலகத்திலிருந்து ஒரு படிவம் வந்தது. புள்ளி குறைந்த பிள்ளைகளின் குடும்பப் பின்னணியை எழுதி அனுப்ப வேண்டும். தகப்பனின் தொழில், தாய் வெளிநாட்டிலா, வீடு எவ்வளவு தூரம், சொந்த வீடா வீட்டுத் திட்டமா என்று கட்டங்கள். ஆறு முதல் ஒன்பது வரையான தரங்களுக்கு நான் பகுதித் தலைவி என்பதால் அந்த வேலை என்னிடம் வந்தது.

எங்கள் பிள்ளைகள் யார் என்பதை இங்கே சொல்லிவிடுகிறேன். ஐந்தாம் தரப் புலமைப்பரிசிலில் நல்ல புள்ளி எடுத்தவர்கள் அப்போதே பெரிய பாடசாலைகளுக்குப் போய்விடுவார்கள். எங்களிடம் வருபவர்கள் கரைவலைக்காரர்களின் பிள்ளைகள், கைத்தறி வீட்டுப் பிள்ளைகள், சுனாமிக்குப் பின் கட்டிய வீட்டுத் திட்டத்துப் பிள்ளைகள், உம்மா சவூதியில் இருக்க மூத்தம்மாவிடம் வளரும் பிள்ளைகள். காரைதீவு எல்லையிலிருந்து வரும் சில தமிழ்ப் பிள்ளைகளும் உண்டு.

ஆசிரியர் அறையில் நான் பென்சிலைச் சீவி வைத்துக்கொண்டு யோசித்தபடி இருந்தேன். விஞ்ஞானம் படிப்பிக்கும் றஸ்மி சேருக்குப் பொறுமை இல்லை.

"இதுக்கு என்ன யோசிக்க இரிக்கி டீச்சர்? கடற்கரைப் புள்ளைகள் எண்டு எழுதுங்க. வலை இழுக்கிற காலம் வந்தா அதுகள்ட புத்தகம் எல்லாம் வள்ளத்துலதான்."

காரைதீவிலிருந்து வரும் தவமணி டீச்சர் தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்தார்.

"சேர் பிறந்தது எந்த மலையில?"

எல்லோரும் சிரித்துவிட்டார்கள். றஸ்மி சேரின் வீடு கடற்கரை வீதியில் கடைசி வீடு. அதற்கு அங்கால் தண்ணீர்தான்.

"எங்கட வாப்பா வள்ளக்காரர் டீச்சர். வலை இழுக்கப் போனவரில்ல."

"ஓ, முதலாளிட மகன். அதுதான் உப்புக் காத்து படல்ல."

நான் சிபானாவின் பெயருக்கு நேரே பென்சிலை வைத்தபடியே இருந்தேன். தகப்பன் மீனவர். தாய் வீட்டில். பாடசாலைக்கு நடந்து வரும் தூரம். சொந்த வீடு. எழுதலாம், எல்லாம் சரிதான். ஆனால் முதலாம் தவணையிலும் அவளுடைய வாப்பா மீனவர்தான். அப்போதும் இதே வீடு, இதே தூரம். மாறாத ஒன்றைக் காரணம் என்று எப்படி எழுதுவது?

"அந்த வீட்டுல என்ன மாறிச்சு?" என்று கேட்டேன்.

தவமணி டீச்சர்தான் சொன்னார். "மூத்த பிள்ளைக்குக் கலியாணம் முடிஞ்சது தானே. நோன்புப் பெருநாளுக்குப் பிறகு. எனக்கும் சோறு வந்தது."

வெறும் ஹோலில் சுற்றிய ஃபேன்

மறுநாள் பின்னேரம் அஸர் தொழுதுவிட்டு சிபானாவின் வீட்டுக்குப் போனேன். வீட்டுக்குப் புதிதாக நிறம் அடித்திருந்தார்கள். பச்சை என்று சொல்லக் கூடாது, பாசி நிறம். கலியாணத்துக்குக் கட்டிய மின்குமிழ் மாலை வாசலில் இன்னும் தொங்கியது.

வெளியூர் வாசகர்களுக்காக ஒரு விஷயம். எங்கள் கரையோரத்தில் பெண் மாப்பிள்ளை வீட்டுக்குப் போவதில்லை. மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருவார். அந்த வீடும் மூத்த மகளின் பெயருக்கு எழுதப்பட்டுவிடும். பெற்றோரும் மற்றப் பிள்ளைகளும் பின்பக்கத்துக்கு ஒதுங்குவார்கள், அடுத்த மகளுக்கு அடுத்த வீட்டுக்கு அத்திவாரம் போடும்வரை. காரைதீவுத் தமிழர்களிடமும் இதே வழக்கம்தான். "மருமகன் முன் வாசலால வந்தா மாமனார் விறகுக் கொட்டிலுக்கு" என்று தவமணி டீச்சர் சொல்வார்.

சிபானாவின் உம்மா றகுமத்தும்மா என்னை முன்பக்கத்தால் கூட்டிப் போகவில்லை. வளவைச் சுற்றிக் குசினிப் பக்கம் அழைத்துப் போனார். சுவரோடு சாய்த்துத் தகரத்தால் ஓர் ஒதுக்கு இறக்கியிருந்தார்கள். இப்போது அவர்கள் படுப்பது அங்கேதான். சிபானா குசினியில் ஒரு பலகையில் குந்தியிருந்தாள். மடியில் அரிசி வாளியின் மூடி, அதற்குமேல் கணிதக் கொப்பி. அடுப்பில் பாரைமீன் பொரிந்துகொண்டிருந்தது. எண்ணெய் தெறிக்கும்போதெல்லாம் கொப்பியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள்.

"முன்னால மேசை இல்லையா?" என்று கேட்டேன்.

"மேசை இரிக்கி டீச்சர்." றகுமத்தும்மா குரலைத் தாழ்த்தினார். "அது மாப்புளட ஹோல்."

"மாப்பிள்ளை இப்ப வீட்டிலயா?"

"இல்ல. நிந்தவூர்ல ஹாட்வெயார் கடையில நிக்கிறார். பின்னேரம் பஸ்ஸுல வந்து இறங்குவார். ராவு இஷாத் தொழுகைக்குப் பிறகுதான் வீட்ட வாற."

"அப்போ அதுவரைக்கும் பிள்ளை அங்க இருந்து படிக்கலாம்தானே?"

"அல்லாவே, திடீரெண்டு வந்தாரெண்டா? கொமர்ப் புள்ள கொப்பியும் புத்தகமும் பரத்தி வெச்சி ஹோல்ல இரிக்கிறதக் கண்டா என்ன நினைப்பார்? வாசலோட திரும்பிப் போயிருவார். இந்த வீட்டுல எனக்கு ஒரு கதிரை இல்ல எண்டு அவர்ட உம்மாக்கிட்டச் சொன்னா, மறுகா என்ட மூத்த மகள் தலை நிமிர ஏலுமா?"

சிபானா தலை தூக்காமலே சொன்னாள். "நான் இஞ்ச இருந்தே படிப்பன் டீச்சர். கரைச்சல் ஒண்டும் இல்ல."

அப்போது எண்ணெய் தெறித்தது. கொப்பியை மறுபடி அணைத்துக்கொண்டாள்.

புறப்படும்போது றகுமத்தும்மா என் கையைப் பிடித்தார். "டீச்சர், இந்தக் கதை மாப்புளட காதுக்குப் போகப்படாது. சத்தியம் பண்ணுங்க." மாப்பிள்ளையிடம் நான் ஒன்றும் கதைக்க மாட்டேன் என்று வாக்குக் கொடுத்தேன்.

பொழுதுபட்டு மஃரிபுக்குப் பாங்கு சொன்னது. வளவைச் சுற்றி வரும்போது முன் ஜன்னல் வழியாக ஹோல் தெரிந்தது. டியூப் லைட் எரிந்தது. ஃபேன் சுற்றியது. மேசையில் பூத்தையல் போட்ட விரிப்பு, பிளாஸ்டிக் ரோசாப்பூ, மூடிவைத்த தண்ணீர்ச் சாடி. கதிரைகள் வரிசையாக நின்றன. ஒருவரும் இல்லை. விரிப்பின் ஓரம் மட்டும் காற்றுக்கு மெல்ல மெல்ல ஆடிக்கொண்டிருந்தது.

சந்திக் கடையில் குந்தியிருந்தவர்

வீட்டுக்கு வந்து என் கணவரிடம் சொன்னேன். நீர்ப்பாசனத் திணைக்களத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். அவருக்கு மஃரிபுக்கும் இஷாவுக்கும் இடையில் சந்தித் தேநீர்க் கடைதான் அலுவலகம்.

"பாசி நிற வீட்டு மாப்புளயா? ஜெஸீல்?" என்றார். "அவன் நம்மட கடையிலதான் தினமும் குந்தி இரிக்கான். ஒரு பிளேன்ரீய வெச்சிக்கிட்டு இஷா வரைக்கும் போனைத் தடவுவான். புதுமாப்புள வீட்ட போகாம இஞ்ச என்ன செய்யிறான் எண்டு நாங்களும் பகிடி பண்ற."

"வீட்ட போக விருப்பம் இல்லையோ?"

"கேட்டுப் பாக்கிறன்."

"நீங்க ஒண்டும் கேக்காதீங்க. நான் வாக்குக் குடுத்திரிக்கன்."

"வாக்குக் குடுத்தது நீங்க, டீச்சர். நான் ஒருத்தருக்கும் ஒண்டும் குடுக்கல்லியே." சட்டையை மாட்டிக்கொண்டு போய்விட்டார். இருபது வருடத்துக்கு மேல் அவரோடு குடித்தனம் நடத்தியும் அந்த மாதிரிப் பதிலுக்கு எதிர்ப்பதில் எனக்கு இன்னும் வரவில்லை.

இஷாவுக்குப் பிறகு திரும்பி வந்தார். கதிரையில் இருந்து தொடையில் தட்டித் தட்டிச் சிரித்தார். பிறகு நடந்ததைச் சொன்னார்.

"தம்பி, ஏன் வீட்ட போகாம இரிக்கீங்க எண்டு கேட்டன். முதல்ல வெக்கப்பட்டான். மறுகா சொல்றான், 'காக்கா, நான் போனா ஒருத்தரும் ஹோலுக்குள்ள வாறாங்க இல்ல. மாமா வளவுக்குள்ள போய் நிக்கிறார். அந்தச் சின்னப் புள்ள என்னைக் கண்டா குசினிக்குள்ள ஓடுது. கலியாணத்துக்கு முதல் அந்த மேசையிலதான் படிக்குமாம், என்ட பொஞ்சாதி சொன்ன. அதான் இஷா வரைக்கும் நான் போறல்ல. அது வசதியா இருந்து படிக்கட்டும் எண்டு.'"

நான் கேட்டுக்கொண்டிருந்தேன். ஹோலில் சுற்றிய ஃபேன் கண்ணுக்குள் வந்தது.

"நீங்க என்ன சொன்னீங்க?"

"தம்பி, அது அரிசி வாளி மூடியிலதான் படிக்குது எண்டு சொன்னன். பிளேன்ரீய அப்பிடியே வெச்சிட்டு எழும்பிப் போயிட்டான்."

சிரிப்பு அடங்கியதும் அவரே மறுபடி ஆரம்பித்தார்.

"நானும் அப்பிடித்தானே இருந்தன். கலியாணம் முடிஞ்ச புதுசுல. உங்கட வாப்பா ஹோல்ல கால நீட்டிப் படுக்கட்டும் எண்டு நான் பள்ளிவாசல் சுவர்ல குந்தி இருந்தன்."

"எங்கட வாப்பா படுக்கவேயில்ல," என்றேன். "நீங்க எப்பயும் வரலாம் எண்டு வேப்பமரத்துக்குக் கீழதான் கதிரை போட்டு இருந்தார். நுளம்பு கடிக்குதெண்டு தென்னம்பாளை எரிச்சிக்கிட்டு."

இருவரும் ஒருவரையொருவர் பார்த்தோம். வாப்பா மௌத்தாகி எத்தனையோ காலம். எங்கள் வீட்டு ஹோலும் அந்தக் காலத்தில் விளக்கெரிய வெறுமையாகத்தான் இருந்தது என்பது அன்றுதான் எங்களுக்குத் தெரிந்தது.

துணியில குறை ஒண்டுமில்ல

மறுநாள் இடைவேளைக்கு றகுமத்தும்மா பாடசாலைக்கு வந்துவிட்டார். கோபமா சந்தோஷமா என்று முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியவில்லை.

"டீச்சர், ஆர் சொன்ன?"

"நான் உங்கட மாப்பிள்ளையோட ஒரு சொல்லும் கதைக்கல்ல," என்றேன். அது உண்மை.

"நேத்து இஷாவுக்கு முதலே வந்து நிண்டார். குசினி வாசல்ல! முன் வாசல்ல இல்ல டீச்சர், குசினி வாசல்ல! எனக்கு உசிரு போயிட்டு. கறியில உப்புக் கூடிச்சோ எண்டு கரண்டியோட நிக்கிறன். அவர் சொல்றார், 'மாமி, அந்த மேசை விரிப்ப எடுங்க' எண்டு. விரிப்புல என்ன குறை மகன் எண்டு கேட்டன். 'துணியில குறை ஒண்டுமில்ல மாமி. அதுக்கு மேல கொப்பி வெச்சா வழுக்கும்' எண்டார்."

"பிறகு?"

"மறுகா என்ன? அவர்தான் ரோசாப்பூவையும் தூக்கிக் கொண்டுபோய் அலுமாரிக்கு மேல வெச்சார். என்ட மூத்த மகள் தைக்கிறத எடுத்துக்கொண்டு தங்கச்சிக்குப் பக்கத்துல இருந்தா. மாப்புள புள்ளகள்ட வாப்பாவ வெளிய கூட்டிக்கொண்டு போயிட்டார், கிழிஞ்ச வலை பொத்தப் பழகப் போறாராம். ஹாட்வெயார்க்காரர் வலை பொத்தி என்ன செய்யப் போறார் டீச்சர்?" சொல்லிவிட்டு முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அன்று என் நாட்குறிப்பில் வெயில், காற்று, ஒன்பதாம் தரத்துப் பாடம் எல்லாம் வழக்கம்போல எழுதினேன். கடைசி வரியாக, விரிப்பு எடுக்கப்பட்டது என்று எழுதினேன்.

வேறு காரணங்கள்

படிவத்தின் அடியில் 'வேறு காரணங்கள்' என்று ஒரு சிறிய இடம் இருந்தது. மூத்த சகோதரியின் திருமணத்துக்குப் பின் பிள்ளைக்கு வீட்டில் படிக்கும் இடம் இல்லாமல் போனது என்று எழுதி அனுப்பினேன்.

சில நாட்களில் அலுவலகத்திலிருந்து ஓர் உத்தியோகத்தர் போன் எடுத்தார். "டீச்சர், இது என்ன காரணம்? கொம்பியூட்டர்ல இதப் போடுறதுக்கு இடமே இல்லியே."

"கொம்பியூட்டர்ல இல்லாட்டியும் ஊருல இரிக்கி சேர்," என்றேன்.

அந்தப் பக்கம் கடதாசி புரட்டும் சத்தம் கேட்டது. பிறகு குரல் மாறியது. "எங்கட மகளுக்கும் வாற மாசம் கலியாணம். சின்னவன் எட்டாம் தரம். அவன்ட மேசையத்தான் நேத்து வெளிய எடுத்து வெச்ச... சரி டீச்சர், நான் பாக்கிறன்." எதைப் பார்ப்பதாகச் சொன்னார் என்று நான் கேட்கவில்லை.

றஸ்மி சேரும் வந்தார். நேரடியாக ஒப்புக்கொள்ளும் மனிதர் அல்ல. கதவுநிலையில் சாய்ந்துகொண்டு சொன்னார். "என்ட வகுப்புலயும் இரிக்கி டீச்சர். அந்த வெல்டிங் கடைக்காரர்ட மகன். ராத்தாக்குக் கலியாணம் முடிஞ்சதுல இருந்து மாட்டுக் கொட்டிலுக்குப் பக்கத்துலதான் படுக்கிறானாம். நான் அவன சோம்பேறி எண்டு ஏசிக்கிட்டு இரிந்தன்."

பாடசாலை அதிபரிடம் பேசி, பின்னேரங்களில் ஒரு வகுப்பறையைத் திறந்து வைத்தோம். பாடம் நடத்துவதில்லை. மேசை, கதிரை, வெளிச்சம், அவ்வளவுதான். வீட்டில் புதிதாக மாப்பிள்ளை வந்த பிள்ளைகளுக்கு முதல் இடம். தாய்மார் முறை வைத்துப் பிளேன்ரீ அனுப்பினார்கள். றஸ்மி சேர் காவலுக்கு இருந்தார். பிள்ளைகள் அதற்கு மாப்பிள்ளை வகுப்பு என்று பெயர் வைத்துவிட்டார்கள்.

"இந்த வயசுல எனக்கு மாப்புள சேர் எண்டு பேர் வந்திட்டு," என்று அவர் முறையிட்டார்.

"இன்னொரு வீடு எழுதித் தருவாங்க சேர், பொறுங்க," என்றார் தவமணி டீச்சர்.

கடற்கரைப் பிள்ளைகள் என்ற சொல்லை அதற்குப் பிறகு நான் எங்கள் ஆசிரியர் அறையில் கேட்கவில்லை. எல்லாப் பிள்ளைகளும் எழும்பிவிட்டார்கள் என்று சொல்ல மாட்டேன். கரைவலைக் காலத்தில் வரவு குறையத்தான் செய்கிறது. உம்மா வெளிநாட்டில் இருக்கும் பிள்ளையின் முகத்துக்கு எங்களிடம் மருந்தில்லை. ஆனால் ஒரு பிள்ளையின் புள்ளி விழுந்தால், இப்போது நாங்கள் முதலில் கேட்பது அந்த வீட்டில் என்ன மாறியது என்பதைத்தான்.

மழைக்குள் வந்த செய்தி

சிபானாவுக்கு மேசை திரும்பக் கிடைத்ததும் புள்ளியும் திரும்பி வந்துவிடவில்லை. விட்டுப்போன பாடம் நிறைய. அட்சரகணிதத்தில் ஒரு கணக்கைச் செய்து முடிக்கும் முன் நான்கு முறை அழிப்பாள். நான் அவளை அவசரப்படுத்தவில்லை. இடைவேளையில் வந்து என் மேசைப் பக்கத்தில் நின்று செய்வாள். பர்தாவில் மறுபடி நீலச் சவர்க்காரம் மணக்கத் தொடங்கியிருந்தது.

கடைசித் தவணைப் பரீட்சை மாரி மழையில் நடந்தது. முதலாவதாக வரவில்லை அவள். நடுவுக்குச் சற்று மேலே வந்தாள். அது போதுமா போதாதா என்று எனக்கே சொல்லத் தெரியவில்லை. பெரிய பாடசாலையின் வாசலில் பெயர்கள் ஒட்டும் நாள்வரை நான் றகுமத்தும்மாவின் வீதியால் போவதைத் தவிர்த்தேன்.

அன்று பின்னேரம் எங்கள் படலையில் சைக்கிள் மணி கேட்டது. விடாமல் அடித்தது. போய்ப் பார்த்தால், நனைந்து ஒழுகிக்கொண்டு ஓர் இளைஞன். நான் அவரை அதற்குமுன் கிட்டத்தில் கண்டதில்லை.

"டீச்சர், நான் ஜெஸீல். கிடைச்சிட்டு. ரெண்டு தரம் வாசிச்சன். பிழையா வாசிக்கிறனோ எண்டு காவலாளியையும் கூப்பிட்டு வாசிக்கச் சொன்னன். கிடைச்சிட்டு."

"வீட்ட சொன்னீங்களா?"

"இல்ல டீச்சர். அந்தப் பக்கம்தான் போறன். வழியில உங்கட படலையக் கண்டதும் கை மணிக்குப் போயிட்டு." சைக்கிளைத் திருப்பிக்கொண்டு மழைக்குள் போனார். உள்ளே இருந்து என் கணவர், பிளேன்ரீ ஒன்று குடித்துவிட்டுப் போகச் சொல்லுங்கள் என்று சத்தம் போட்டார். அது ஜெஸீலின் காதில் விழுந்திருக்காது.

போன வாரம் மஃரிபுக்குப் பிறகு நானும் கணவரும் அந்த வீதியால் நடந்து வந்தோம். பாசி நிறம் கொஞ்சம் வெளுத்திருக்கிறது. ஹோலில் டியூப் லைட். மேசையில் சிபானா. இப்போது பத்தாம் தரம். பக்கத்தில் மூத்தவளான ராத்தா, மடியில் அவளுடைய குழந்தை. வெளியே வளவில் இரண்டு பிளாஸ்டிக் கதிரைகளில் மாமனாரும் மாப்பிள்ளையும். நடுவில் வலை. சூடை மீன் என்ன விலைக்குப் போனது என்பதில் இருவருக்கும் பெரிய வாக்குவாதம்.

"வாப்பா, மெதுவாக் கதைங்க!" உள்ளேயிருந்து சிபானாவின் குரல் வந்தது.

மாமனார் சட்டென்று நிறுத்திக்கொண்டார். மாப்பிள்ளைக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"மச்சான், உங்களையும்தான்!"

றகுமத்தும்மா குசினி வாசலுக்கு வந்து எட்டிப் பார்த்தார். கையில் கரண்டி. நான் அவருடைய முகத்தையே பார்த்தேன். அவர் மகளை அதட்டாமல் அடுப்படிக்குத் திரும்பிப் போனார்.

வலையின் ஒரு முனையை மாமனாரும் மறு முனையை மாப்பிள்ளையும் தூக்கிக்கொண்டார்கள். மற்றக் கையில் ஆளுக்கொரு கதிரை. மணலில் செருப்புச் சத்தம்கூட வராமல், வேலிப் பக்கமாக மெல்ல நகர்ந்து போனார்கள்.